இழை: அருமண் உலோகமும் கரியும் நேரே பிணைந்த சேர்மத்துக்குத் தமிழ்ப்பெயர் (அவசரம், வெள்ளி அச்சு)

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம்.

முதுநிலை வேதியியல் செய்முறை நூல் ஒன்றின் தமிழாக்கம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஒரு பாடம் முழுக்க டிரிஸ்(சைக்ளோபென்டாடையீனைல்)நியோடிமியம் பற்றியது. நியோடிமியம், லாந்தனைடுகள் எனப்படும் அருமண் உலோகங்களில் ஒன்று. பாடத் தலைப்பில் ‘ஆர்கனோலாந்தனைடு’ வருகிற இடத்தில் ‘கரிம அருமண் சேர்மங்கள்’ என்று போட்டிருந்தேன். மெய்ப்பு பார்ப்பவர் மடக்கிவிட்டார்: “முந்தைய பாடத்தில் நியோடிமியம் அசிட்டேட்டையும் கரிம அருமண் சேர்மம் என்றிருக்கிறீர்கள். அதை மூடி போட்ட புட்டியில் அலமாரியில் வை என்கிறது நூல். இதைக் காற்றே படாமல் வை என்கிறது. எது சரி?”

இரண்டு குறிப்பும் சரிதான், பெயர்தான் கோளாறு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். ‘ஹாப்டிசிட்டி’க்கும் (வளையத்தின் எத்தனை அணுக்கள் உலோகத்தைப் பற்றுகின்றன என்பது) ஏதாவது கிடைத்தால் கோடி புண்ணியம்.

ஆய்வகத்தார்:

மெய்ப்பு பார்த்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிக்கலின் கழுத்தைப் பிடித்திருக்கிறார்.

அசிட்டேட்டில் கரி இருக்கிறது, ஆனால் நியோடிமியத்தைத் தொடுவது ஆக்சிஜன். அதனால் ஈரக்காற்று அதை ஒன்றும் செய்யாது. சைக்ளோபென்டாடையீனைடில் வளையத்தின் ஐந்து கரி அணுக்களும் உலோகத்தை நேரே பார்க்கின்றன. அந்தப் பிணைப்பு பெரும்பாலும் அயனித்தன்மை கொண்டது. ஒரு துளி நீர் போதும், வளையம் புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு சைக்ளோபென்டாடையீனாக ஓடிவிடும். மிஞ்சுவது நியோடிமியம் ஹைட்ராக்சைடு. ஆக, எந்தச் சொல்லை எடுத்தாலும் ‘உலோகம்–கரி நேர்ப்பிணைப்பு’ அதற்குள் தெரிய வேண்டும். ‘கரிம’ என்ற அடை மட்டும் அதைக் காட்டாது.

என் முன்மொழிவு: கரிப்பிணை அருமண் சேர்மம்.

பாடத்தின் வரைவை அனுப்பினால் செய்முறைப் பகுதியையும் பார்த்துத் தருகிறேன். இந்த வகை நூல்களில் பெயரைவிட அளவுகளில்தான் ஆள் விழுவான்.

புலவர்:

> என் முன்மொழிவு: கரிப்பிணை அருமண் சேர்மம்

ஐயா, ஓசை நன்று. பொருளைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். ‘கரி’ என்றால் சான்று. இந்திரனையே கரியாக நிறுத்திய குறள் எல்லோருக்கும் தெரியும். ‘பிணை’ என்றால் ஈடு, ஜாமீன். ஆகவே கரிப்பிணை என்பது சாட்சிக்காரனை ஜாமீனில் எடுப்பது. அது வேண்டாமென்றால் பிணை பெண்மான், கரி கருமை. கருநிறப் பெண்மான் என்றும் கொள்ளலாம். யானையையும் விட்டுவிட முடியாது.

போகட்டும், பிணைப்பு என்ற பொருளில் நிலைத்துவிட்ட சொல்தான். என் முறையீடு ‘அருமண்’ மீது. அருமை+மண், பண்புப்பெயர் ஈறுபோதல், புணர்ச்சியில் பிழையில்லை. பொருளில்தான் பிழை. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறையச் செம்பளவு இருக்கிறது. இதில் ‘அரு’ எங்கே? ‘மண்’ என்பதும் பழைய ஐரோப்பியர் ஆக்சைடுகளை மண் என்று அழைத்ததன் எச்சம். 1794-இல் கடோலின் பிரித்ததும் ஆக்சைடுதான், உலோகமன்று.

லாந்தனத்தின் கிரேக்க வேரைப் பாருங்கள்: ஒளிந்திருத்தல். 1839-இல் மொசாண்டர் சீரியத்துக்குள் மறைந்திருந்ததைக் கண்டதால் இட்ட பெயர். தமிழில் ‘கரத்தல்’ அதே பொருள். எனவே லாந்தனம் ‘கரந்தம்’, லாந்தனைடுகள் ‘கரந்தனிகள்’. இதைவிடச் சுவை, 1886-இல் பெயர் பெற்ற டிஸ்ப்ரோசியம். அதன் கிரேக்கப் பொருள் ‘அடைதற்கு அரியது’. நம்மிடம் ‘அரும்பெறல்’ என்று ஆயத்தமாகவே இருக்கிறது! டிஸ்ப்ரோசியத்தை ‘அரும்பெறலி’ என்பதில் யாருக்கு என்ன தடை?

இலங்கை ஆசிரியை:

புலவர் ஐயா, கரந்தம் என்றவுடன் பிள்ளைகள் கரந்தை என்றுதான் வாசிப்பினம். ஆநிரை மீட்கிற கரந்தைத் திணைக்கும் நியோடிமியத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

எங்கள் பக்கத்தில் ‘சேதனவுலோகச் சேர்வை’ என்று எழுதுகிறோம். ‘அருமண்’ எங்களுக்கும் விளங்கும். இரண்டு கரையிலும் செல்லும் சொல்லாக இருந்தால் நல்லது.

புலவர்:

அம்மா, சேதனம் என்பது அறிவுடையது, உயிருடையது. உயிர்ப்பொருளில் இருந்துதான் கரிமச் சேர்மம் வரும் என்ற கொள்கையை 1828-இல் வோலர் யூரியா செய்து ஆட்டம் காண வைத்தார். அந்தக் கொள்கைக்கு நாம் இன்னும் தமிழில் திவசம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இலங்கை ஆசிரியை:

அப்ப ஆக்சிஜனும் ‘அமிலம் ஆக்குவது’ என்ற பிழையான கொள்கையில் பிறந்த பெயர்தானே, ஐயா. அதை ஒருத்தரும் மாத்தேல்லை. சொல்லின் பிறப்பைப் பார்த்துத் தண்டனை கொடுத்தால் அரைவாசி வேதியியலைச் சிறையில்தான் போட வேணும்.

வகுப்பாசிரியர்:

நண்பர்களே, வகுப்பில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று. மாணவனுக்கு ‘கரிம உலோகச் சேர்மம்’ பழகிய சொல். கிரிக்னார்டு வினைபொருள் படிக்கும்போதே வந்துவிடுகிறது. அதன் வரையறையிலேயே உலோகம்–கரி பிணைப்பு இருக்கிறது. எனவே புதிதாக எதையும் பெற்றெடுக்க வேண்டியதில்லை: அருமண் கரிமவுலோகச் சேர்மம். நீளம்தான், ஆனால் தேர்வுத்தாளில் யாரும் மான், யானை என்று எழுதமாட்டார்கள்.

அசிட்டேட் ‘அருமண் கரிம உப்பு’ ஆகட்டும். சிக்கல் தீர்ந்தது.

ஆய்வகத்தார்:

> சிக்கல் தீர்ந்தது

தீரவில்லை ஐயா, நடுவில் இருப்பவை இருக்கின்றனவே. டயர் ரப்பருக்கான பாலிபியூட்டாடையீன் செய்ய நியோடிமியம் வெர்சடேட் போடுகிறார்கள். அது கிளைத்த கார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு. ஹெக்சேனில் கரையும், நேர்ப்பிணைப்பு கிடையாது. உலையில் டைஐசோபியூட்டைல் அலுமினியம் ஹைட்ரைடும் ஒரு குளோரைடு தருவியும் சேர்ந்ததும் கார்பாக்சிலேட்டு விலகி, நியோடிமியம்–கரி பிணைப்பு உருவாகிறது. சங்கிலி வளர்வது அந்தப் பிணைப்பில்தான். ரப்பரில் 98 விழுக்காடு அளவுக்கு ஒருபக்க (சிஸ்) அமைப்பு கிடைப்பதும் அதனால்தான். பீப்பாயில் ஒரு பெயர், உலையில் இன்னொரு பெயர். உங்கள் இரண்டு சொல்லையும் வைத்து இதைச் சொல்லலாம், ஆனால் எல்லைக்கோடு பாடத்தில் எழுதப்பட வேண்டும்.

வரைவு வந்தது. பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

‘நியோடிமியம் குளோரைடு 2.5 கிராம், சோடியம் சைக்ளோபென்டாடையீனைடு 2.64 கிராம்’ சரி. 10 மில்லிமோலுக்கு 30 மில்லிமோல். முழு விளைச்சல் 3.4 கிராமுக்கு மேல் போகாது. ஆனால் குளோரைடு எந்த வடிவம் என்று சொல்லவே இல்லை. கடையில் எளிதாகக் கிடைப்பது ஆறு நீர் மூலக்கூறு ஒட்டிய ஊதாப் படிகம். அதை அப்படியே போட்டால் வளையம் முழுவதும் நீரோடு வினைப்பட்டுத் தீர்ந்துவிடும். சூடாக்கி நீரை விரட்டலாமென்றால் அது ஹைட்ரஜன் குளோரைடையும் கூடவே இழந்து ஆக்சிகுளோரைடாகும். சரியான வழி, நியோடிமியம் ஆக்சைடை அம்மோனியம் குளோரைடோடு சேர்த்துச் சூடாக்கும் முறை: ஒரு மோல் ஆக்சைடுக்குக் கணக்கு 6 மோல், நடைமுறையில் அதைவிடத் தாராளம். வினை முடிந்தபின் மிச்ச அம்மோனியம் குளோரைடை வெற்றிடத்தில் சூடாக்கிப் பதங்கமாக்கி வெளியேற்ற வேண்டும். தேறியதா என்று அறிய ஒரு சிட்டிகையை நீரில் போடுங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்ல குளோரைடு. கலங்கல் நின்றால் ஆக்சிகுளோரைடு. அந்தத் தொகுதி உதவாது.

சோடியம் உப்பு செய்யத் தேவையான சைக்ளோபென்டாடையீனை அன்றன்றே வடிக்க வேண்டும். புட்டியில் வருவது இருபடி. 170 பாகைக்கு அருகே உடைத்து, 41 பாகையில் கொதிப்பதைப் பனிக்கட்டியில் பிடிக்க வேண்டும். அறைவெப்பத்தில் விட்டால் மறுபடி ஜோடி சேர்ந்துவிடும். சோடியம் உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது.

டெட்ராஹைட்ரோஃபியூரானில் கலக்கி முடித்து, கரைப்பானை இழுத்தபின் கிடைப்பது இறுதிப்பொருள் அன்று. கரைப்பான் மூலக்கூறு ஒன்று உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உயர்வெற்றிடத்தில் 200 முதல் 250 பாகைக்குள் பதங்கமாக்கும்போதுதான் அது கழன்று, செந்நீலப் படிகம் குளிர்விரலில் (உள்ளே நிற்கும் குளிர்ந்த குழாயில்) ஏறும். மூட்டுகளில் சிலிக்கோன் கிரீஸை அப்பினால் அதுவும் வினைப்படும், அளவாகப் பூசச் சொல்லுங்கள். எடுப்பது கையுறைப் பெட்டிக்குள். நீரும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே.

புலவருக்கு ஒரு வார்த்தை: ‘மண்’ என்ற பெயர் பொருந்தாது என்றீர்கள். மூடியைச் சரியாக மூடாவிட்டால் பொருந்திவிடும், எல்லாம் மண்ணாய்ப் போகும்.

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி ஐயா. அறுநீரேற்று விஷயம் மூலத்திலேயே விடுபட்டிருக்கிறது, அடிக்குறிப்பு போடுகிறேன். ஹாப்டிசிட்டி?

வகுப்பாசிரியர்:

‘தொடுமை’. கிரேக்க வேரும் தொடுதல், பற்றுதல் என்பதுதான். ‘ஐந்தொடுமை வளையம்’ என்றால் சட்டென்று புரிகிறது.

புலவர்:

‘பற்றெண்’ என்பதே தகும். அது எண்ணிக்கையைக் குறிப்பது; தொடுமை பண்புப்பெயர். அதோடு ‘ஐந்தொடுமை’யை ஐந்து+தொடுமை என்று எடுப்பதா, ஐ+தொடுமை என்று எடுப்பதா? ஐவிரல், ஐம்பால், ஐந்திணை என்று மூன்று வழி போகிறது புணர்ச்சி. முன்பு, ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) எத்தனை இடத்தில் பற்றுகிறது என்று சொல்லும் ‘டென்டேட்’டை ‘முனை’ ஆக்கினார்கள். இலங்கையில் ‘பல்’ ஆக்கினார்கள். ‘பல்முனை ஈனி’ என்றால் பல முனைகளா, பல்லின் முனையா? அந்தக் குழப்பத்தை இதிலும் கொண்டு வர வேண்டாம்.

ஆய்வகத்தார்:

பற்றெண்ணுக்கு என் வாக்கு. இந்தக் குடும்பத்தில் அது எண்ணாகத்தான் வேண்டும், ஏனென்றால் மாறும். லாந்தனம் அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியம் 86. நியோடிமியம் போன்ற பெரிய அயனிக்கு மூன்று வளையம் போதாது. பக்கத்து மூலக்கூற்றின் வளையத்தையும் ஓரமாகப் பற்றிச் சங்கிலியாகிவிடும். இட்டெர்பியம் சிறுத்துவிட்டதால் தனி மூலக்கூறாக நிற்கும். உருகுநிலையிலேயே தெரிகிறது: முன்னது ஏறத்தாழ 380 பாகை, பின்னது 273.

இன்னொன்று, தலைப்பில் ‘இடையடுக்கு’ (சாண்ட்விச்) என்று யாராவது சேர்க்கச் சொன்னால் விடாதீர்கள். ஃபெர்ரோசீனில் இரும்பு இரண்டு தட்டுக்கு நடுவே சகப்பிணைப்பில் உட்கார்ந்திருக்கிறது, காற்றில் வைக்கலாம். நம்முடையது அப்படியன்று. நீரற்ற இரும்பு(II) குளோரைடைக் கொடுத்தால் வளையங்களை இரும்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நியோடிமியம் குளோரைடாகத் திரும்பிவிடும். வில்கின்சனும் பர்மிங்காமும் 1950-களில் இவற்றை முதலில் செய்தபோதே இந்த வினையைக் காட்டிவிட்டார்கள்.

இலங்கை ஆசிரியை:

பயன் என்று நூலில் ஏதும் இருக்கா? பெயருக்காக மட்டும் படிப்பிக்க ஏலாது.

ஆய்வகத்தார்:

இருக்கிறது, அம்மா. வளையத்தில் ஐசோபுரோப்பைல் கிளை சேர்த்தால் உருகுநிலை இறங்கி ஆவியாவது எளிதாகும். அப்படிப்பட்ட லாந்தனம் சேர்மத்தை ஆவியாக்கி, அணு அடுக்கு அடுக்காக லாந்தனம் ஆக்சைடு படலம் படியவைக்கிறார்கள். லுட்டீசியம் மெத்தில் சேர்மம் மீத்தேனின் கரி–ஹைட்ரஜன் பிணைப்பையே அவிழ்க்கும் என்று 1983-இல் காட்டினார் பாட்ரீசியா வாட்சன். பிறகு புலவரின் அரும்பெறலி: இரு வளையங்களுக்கு நடுவே அடைத்த டிஸ்ப்ரோசியம் நேர்மின் அயனி ஒற்றை மூலக்கூற்றுக் காந்தமாக 80 கெல்வின் வரை காந்த நினைவைக் காப்பது 2018-இல் வெளியானது. திரவ நைட்ரஜன் 77-இல் கொதிக்கிறது, அதனால்தான் அந்த மூன்று கெல்வினுக்கு அத்தனை ஆரவாரம்.

புலவர்:

அரும்பெறலியை நினைவு வைத்ததற்கு நன்றி. லாந்தனம் மொழிமுதல் லகரம் என்பதையும் யாராவது நினைவு வைக்கலாம். இலாந்தனம் என்றாவது எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

பெரியோர்களே, கோப்பு நாளை போகிறது. தலைப்பில் ‘அருமண் கரிமவுலோகச் சேர்மங்கள்’. முதல் பத்தியில் ‘உலோகமும் கரியும் நேரே பிணைந்தவை மட்டும், அசிட்டேட், வெர்சடேட் முதலியன அருமண் கரிம உப்புகள்’ என்ற வரையறை. ஹாப்டிசிட்டி ‘பற்றெண்’. சொல்லடைவில் சேதனவுலோகச் சேர்வையும் சேர்த்திருக்கிறேன். லாந்தனம் லாந்தனமாகவே இருக்கிறது, புலவர் ஐயா மன்னிக்க.

ஆய்வகத்தார்:

கரிப்பிணை தோற்றதில் வருத்தமில்லை, நீளமான சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதும் மாணவன் தானே சுருக்கிக்கொள்வான். செய்முறையின் மூன்றாம் படியில் ‘உலர்ந்த குளோரைடு’ என்று புதிதாகத் திருத்தியிருக்கிறீர்கள். ‘நீரற்ற’ என்று மாற்றுங்கள். அறுநீரேற்றுப் படிகமும் கைக்கு உலர்ந்துதான் இருக்கும்.

புலவர்:

‘நீரற்ற’ சரி. கரந்தனிகள் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.