உதவி: பெயின்ட் மணத்தில் தலையிடி, சத்தி. அவசரம்

வெள்ளவத்தை வாசி (வெள்ளி, மாலை 6.40)
வீட்டில் பெயின்ட் அடிக்கிறோம். இரண்டு நாளாக எல்லோருக்கும் தலையிடி, நேற்று இரவு மனைவிக்குச் சத்தியும் வந்தது. நான் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கிறேன். மணம் போக என்ன வழி? தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும்.

ஜெயந்தி அக்கா
தம்பி, முதலில் எல்லோரும் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். என்ன பெயின்ட்? தண்ணீர் கலப்பதா, தின்னர் கலப்பதா? ஜன்னல் திறந்திருக்கிறதா? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? வீடு எவ்வளவு பழசு? மனைவிக்கு மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவி
பெரிய வெங்காயத்தை இரண்டாக வெட்டி, தண்ணீரில் போட்டு மூலைக்கு ஒன்றாக வையுங்கள். எங்கள் அம்மம்மா செய்வது. விடியும்போது மணம் இருக்காது.

பெயின்ட் பாஸ்
டின்னில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. முப்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், ஒரு நாளும் மாஸ்க் போட்டதில்லை. தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் கொடுக்க வேண்டும்.

மருந்துக்கடைத் தம்பி
என்ன மாஸ்க், அண்ணா? கொரோனாவுக்குப் போட்ட நீல மாஸ்க் என்றால் தின்னர் ஆவி அப்படியே உள்ளே வரும். என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி பூட்டிய மாஸ்க்தான் வேண்டும்.

வெள்ளவத்தை வாசி (இரவு 8.15)
நீல மாஸ்க்தான். சுவருக்குத் தண்ணீர் கலக்கிற எமல்ஷன், கதவுக்கும் கிறில்லுக்கும் எனாமல், தின்னர் ஊற்றி அடித்தோம். பின்னேரம் பின்னேரம் மழை, அதனால் ஜன்னலைப் பூட்டி ஏசி போட்டிருக்கிறோம். மகனுக்கு ஒன்றரை வயது.

ஜெயந்தி அக்கா
அதுதான் காரணம். வீட்டு ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. அதை நிறுத்துங்கள். மேசை ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், எதிர்ப்பக்கம் ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். மழை உள்ளே அடித்தால் தரைதான் நனையும், துடைக்கலாம். மனைவியும் மகனும் இன்றிரவு வேறு வீட்டில் படுக்கட்டும்.

இன்னொன்று. இன்று வெள்ளிக்கிழமை. சாமி அறையில் விளக்கோ கற்பூரமோ எரிந்தால் உடனே அணையுங்கள், காஸ் அடுப்பும் வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து போய் அடுத்த அறையிலும் நெருப்புப் பிடிக்கும். தின்னர் துடைத்த துணியை வீட்டுக்குள் குவிக்காமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவி
வெங்காயமும் வையுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது.

மருந்துக்கடைத் தம்பி
ரவி அண்ணா, வெங்காய மணம் மேலே நிற்பதால் பெயின்ட் மணம் தெரியாமல் போகிறது. ஆவி அங்கேயேதான் இருக்கும். மணம் தெரியவில்லை என்று பிள்ளையைப் படுக்க வைத்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பெயின்ட் பாஸ்
பத்திரிகை வாசித்துவிட்டுப் பயம் காட்டுகிறீர்கள். வீடு பழசா என்று கேட்டது பழைய பெயின்டில் இருக்கிற ஈயத்துக்காகத்தானே? 2013இலிருந்து ஈயத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அந்தக் கதை முடிந்துவிட்டது.

ஜெயந்தி அக்கா
அந்த வரம்பு, அதற்குப் பிறகு விற்கிற டின்னுக்கு, ஐயா. ஐம்பது வருடத்துக் கதவில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற பழைய பூச்சுக்கு இல்லை. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசியாகப் பறக்கும். தவழ்கிற பிள்ளை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உங்களுக்கு முப்பது வருடம் ஒன்றும் ஆகாதது சந்தோஷம், ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது அளவுகோல் ஆகாது.

பெயின்ட் பாஸ்
தேய்க்காமல் அடித்தால் ஆறு மாதத்தில் உரியும். பிறகு என்னிடம்தான் வருவீர்கள்.

மருந்துக்கடைத் தம்பி
தேய்க்க வேண்டாம் என்று யார் சொன்னது? தண்ணீர் தெளித்து, ஈரமாகத் தேய்க்கச் சொல்கிறோம்.

வெள்ளவத்தை வாசி (ஞாயிறு, காலை 9.05)
ஃபேன் வைத்ததும் மணம் நன்றாகக் குறைந்துவிட்டது. தலையிடி இல்லை. மனைவியும் மகனும் மாமி வீட்டில், சத்தியும் நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி. வீடு அப்பப்பா கட்டியது. கதவுகளைப் போன கிழமையே மெஷினால் தேய்த்துவிட்டோம், உள்ளே பச்சை, மண்ணிறம் என்று நாலு பூச்சு இருந்தது. நாளைக்கு அவர்களைக் கூட்டி வரலாம்தானே?

ஜெயந்தி அக்கா (9.20)
வேண்டாம் தம்பி, பொறுங்கள். அந்தத் தூசி இன்னும் வீட்டில் இருக்கும். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், சாதாரண வெக்யூமும் பாவிக்காதீர்கள், இரண்டும் திரும்பக் கிளப்பிவிடும். தரை, ஜன்னல் விளிம்பு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். தேய்த்தபோது போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். மகனைப் பிள்ளை வைத்தியரிடம் காட்டி, ஈயத்துக்கு இரத்தம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தேய்த்த நேரம் அவன் வீட்டில்தானே இருந்தான்?

ஜெயந்தி அக்கா (செவ்வாய், இரவு 7.50)
தம்பி, துடைத்தாயிற்றா? மகனைக் காட்டினீர்களா?