பிரெய்லைக் கண்ணால்தான் படிக்க முடிகிறது. 'கற்றேன்' என்று அறிக்கையில் எழுதலாமா?

பொருநைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, தமிழ்ப் பாடப் பிரிவில் படிக்கிறேன். ஏதேனும் ஒரு திறனைப் பிறர் உதவியின்றிப் பத்து வாரங்களில் நாமாகவே கற்று, அந்த அனுபவம் நம் வருங்கால வகுப்பறைக்கு எதைத் தந்தது என்று அறிக்கை எழுத வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட பணி. முதலாண்டுப் பள்ளிப் பயிற்சியில் என் ஏழாம் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். நான் கரும்பலகையில் எழுதிவிட்டு 'இதைப் பாருங்கள்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்துகொண்டது மனத்தில் தங்கிவிட்டதால், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான தமிழ் பிரெய்லைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு கட்டத்துக்குள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பக்கம் 4, 5, 6 என்றும் எண்ணிடப்பட்ட ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைகின்றன. தமிழுக்கு வேண்டியவற்றை மனப்பாடம் செய்ய மூன்று வாரங்கள் போதுமானவையாக இருந்தன. சிலேட்டும் (தாளைப் பிடித்துக்கொள்ளும் கட்டங்கள் கொண்ட சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) கைக்கு வந்த பிறகுதான் திணறினேன். தாளின் பின்புறத்தில் குத்துவதால், வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி எழுத வேண்டும். 'இ' என்பது 2, 4 ஆகிய புள்ளிகள். புரட்ட மறந்துவிட்டால், தாளைத் திருப்பியதும் அது 1, 5 ஆகி 'ஏ' என்று நிற்கும். நான் 'இது' என்று எழுதிய இடங்களில் பாதி 'ஏது' என்று கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் நான் டியூஷன் சொல்லித்தரும் முதல் வகுப்புப் பையன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டபோது, அவன் நோட்டில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியவள் நான்தான்.

இப்போது என் கேள்வி. மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, புள்ளிகளின் நிழலைப் பார்த்துக் கண்ணால் ஓரளவு சரளமாகப் படிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் ஒரு சொல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. 'கற்றுவிட்டேன் என்றே எழுது, மதிப்பெண் குறைந்துவிடும்' என்கிறாள் உடன்படிக்கும் தோழி. எப்படி எழுதுவது முறையாக இருக்கும்?

சுண்ணக்கட்டி:
வணக்கம் அம்மா. கல்வியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் இத்தகைய அறிக்கைகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'மிகுந்த மனநிறைவு அடைந்தேன்' என்று முடியும் அறிக்கைகள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும், எழுதியவரை அவற்றில் காண முடியாது. உங்கள் 'ஏது' பக்கத்தைத் தேதியுடன் அப்படியே இணையுங்கள். எந்த வாரம் எந்த எழுத்தில் தவறினீர்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அடுத்த வாரம் பயிற்சியை எப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்பவைதாம் அறிக்கையின் உடல். ஆனால் ஓர் எச்சரிக்கை. பார்வையற்ற குழந்தைகளுக்கு பிரெய்ல் கற்பிப்பது சிறப்புக் கல்வி ஆசிரியரின் பணி. அதற்கென இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு பெற்ற தனிப் படிப்புகள் உள்ளன. பத்து வாரப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்ற தொனி அறிக்கையில் எங்கும் வந்துவிடக் கூடாது.

ஆறுபுள்ளி:
நான் பிறவியிலேயே பார்வையற்றவன். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பார்வையுள்ள ஆசிரியர்கள் பலரும் நீங்கள் சொல்வதுபோல் நிழலைப் பார்த்துத்தான் மாணவரின் தாளைத் திருத்துகிறார்கள். அதில் குற்றமில்லை, சகோதரி. 'கண்ணால் படிக்கக் கற்றேன், விரலால் இன்னும் இல்லை' என்று எழுதினால் போதும். விரல் தோற்பதற்குக் காரணமும் ஊகிக்க முடிகிறது: புதிதாகத் தொடுபவர்கள் புள்ளியை அழுத்தி, மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். அழுத்த அழுத்த விரல் மரத்துப்போகும். காகிதத்தின் மீது தூசியைத் தடவுவதுபோல, இடமிருந்து வலமாக நிற்காமல் ஓட விடுங்கள்.

தமிழாசிரியராகப் போகிறவர் நீங்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சில் 'கொடி' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. பிரெய்லில் அப்படி எதுவும் இல்லை. க, ஒ, ட, இ என்று ஒலிக்கிற வரிசையிலேயே நான்கு கட்டங்கள் வரும். 'அம்மா' என்பதோ அச்சில் மூன்று எழுத்து, எங்களுக்கு ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. மெய்யைக் குறிக்கும் அந்தப் புள்ளி மெய்க்கு மேலே இராது, தனிக் கட்டமாக முன்னே வரும். எனவே 'கொம்பு போட மறந்துவிட்டாய்' என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னால் எங்கள் பிள்ளைக்கு அது பொருளற்ற சொல். 'ககரத்தோடு ஒகரம்' என்றால் இரு வகைப் பிள்ளைகளுக்கும் புரியும். நீங்கள் விரலால் வேகமாகப் படிப்பதைவிட, கரும்பலகையில் எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது அந்த மாணவிக்கு உடனே பயன்படும். இன்று பாடங்களை என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் ரகர றகர வேறுபாட்டைக் காதால் மட்டும் கேட்டுப் பிழையின்றி எழுதுவது கடினம் என்பதால் பிரெய்லை விட்டுவிட முடியாது.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி ஐயா. உயிர்மெய்யை நான் குறியீடுகளாகவே சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன் என்பது 'கொடி'யைப் படித்த பிறகுதான் உறைத்தது. இலக்கணத்தில் மெய்யும் உயிரும் சேர்வது என்று மனப்பாடமாகச் சொன்னதும் நானேதான். அறிக்கையின் முதல் பக்கமாக 'ஏது' தாளையே வைக்கிறேன். சிறப்புக் கல்வி ஆசிரியரின் பணியைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியை நீக்கிவிட்டேன். அது கொஞ்சம் மிகையாகத்தான் இருந்தது. நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு அழுத்தாமல் விரலை ஓட்டிப் பார்த்தேன். 'மலை' என்ற ஒரு சொல் பிடிபட்டது; அடுத்த சொல் 'கலை'யா 'மலை'யா என்று இன்னும் தெரியவில்லை.

ஆறுபுள்ளி:
ககரம் 1, 3. மகரம் 1, 3, 4. வலப்பக்கத்தின் மேற்புள்ளி ஒன்றுதான் வேறுபாடு. இன்றிரவு அந்த இரண்டை மட்டும் ஒரு வரி முழுக்க மாற்றி மாற்றிக் குத்தி வைத்துத் தடவிப் பாருங்கள்.