கார் சார்ஜர்: மூன்று கொட்டேஷன்

கார்த்தி: அடுத்த வாரம் எலக்ட்ரிக் கார் வருகிறது. சார்ஜர் மாட்ட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். படம் போட்டிருக்கிறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்பா: முதல் ஆள்தான் குறைவு. அவரையே வரச் சொல்லிவிடு. எல்லாரும் ஒரே சுவரில்தானே மாட்டப் போகிறார்கள்.

நித்யா அக்கா: அவசரப்படாதீர்கள் சித்தப்பா. அவர் எழுதியிருப்பதே ஒரே வரி. 'சார்ஜர் பொருத்துதல், ஒயரிங் உட்பட.' என்ன ஒயர், எத்தனை மீட்டர், ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தாரா கார்த்தி?

கார்த்தி: இல்லை அக்கா. போட்டோ கேட்டார். கார் நிறுத்தும் இடத்தை எடுத்து அனுப்பினேன்.

பெரியப்பா: மெயின் போர்டை விட்டுவிட்டுக் கார் நிற்கும் இடத்தை எடுத்தாயா? ஜாதகம் கேட்டால் மாப்பிள்ளையின் சட்டையை அனுப்பின கதையாக இருக்கிறதே.

பெரியப்பா: போர்டிலிருந்து அங்கே எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் வேண்டாம். ஒயர் போகிற வழியில் சொல்.

கார்த்தி: ஒரு 15 மீட்டர் இருக்கும்.

பெரியப்பா: டேப் வைத்து அளந்தாயா?

கார்த்தி: கண்ணளவுதான்.

பெரியப்பா: போய் அள.

கார்த்தி: அளந்துவிட்டேன். 28 மீட்டர். மாடிப்படியைச் சுற்றிப் போகிறது.

நித்யா அக்கா: முதல் கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்து ஒன்று இருக்கிறது, இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். '10 மீட்டர் வரை மட்டும்.' மீதி 18 மீட்டருக்குத் தனிக் காசு. இப்போதும் அது குறைவுதானா சித்தப்பா?

பெரியப்பா: ஒயர் கனமும் கேட்க வேண்டும். 32 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடும். மிக்ஸி மாதிரி ஐந்து நிமிட வேலை இல்லை. இந்தத் தூரத்துக்கு 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர், காப்பர் ஒயர் போட்டால் கிட்டத்தட்ட 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் என்றால் ஆறு ஏழு வோல்ட்டோடு நிற்கும்.

அப்பா: சரி, இரண்டாவது ஆள்? மற்ற இருவரும் 7.4 கிலோவாட் என்கிறார்கள், இவர் த்ரீ பேஸ் 11 கிலோவாட் தருகிறார். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சீக்கிரம் ஏறிவிடும்.

நித்யா அக்கா: கார்த்தி, கார் கையேட்டில் 'ஆன்போர்டு சார்ஜர்' என்று போட்டிருக்கும். என்ன எண்?

கார்த்தி: 7.2 கிலோவாட், சிங்கிள் பேஸ்.

நித்யா அக்கா: அப்படியானால் அந்த 11-இல் உன் கார் இன்னும் மெதுவாகத்தான் ஏறும்.

அப்பா: பெரிய சார்ஜரில் எப்படியம்மா மெதுவாக ஏறும்?

நித்யா அக்கா: 11 என்பது மூன்று பேஸுக்கும் தலா 16 ஆம்பியர். இவன் கார் ஒரு பேஸில் மட்டும்தான் எடுக்கும். 230-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 3.7 கிலோவாட்கூட முழுசாக வராது. 7.4-இல் அதே ஒரு பேஸில் 32 ஆம்பியர் வரும். சுவரில் இருப்பது உண்மையில் கரண்டைத் திறந்துவிடுகிற பெட்டி. ஏசியை டிசியாக்கி பேட்டரியில் ஏற்றுகிற சார்ஜர் காருக்குள் இருக்கிறது.

அப்பா: இதை அவர் சொல்லவே இல்லையே.

கார்த்தி: என்ன கார் என்றே அவர் கேட்கவில்லை அப்பா.

பெரியப்பா: மூன்றாவதை இங்கே டைப் செய். படத்தில் எழுத்து தெரியவில்லை.

கார்த்தி: '6 ஸ்கொயர் காப்பர், 30 மீட்டர், தனி லைன். 40 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்). டைப் ஏ ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர். சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி கசிவுக் காப்பு உண்டு. வீட்டு இணைப்பின் அனுமதி லோடு 5 கிலோவாட். அதைக் கூட்டும்வரை சார்ஜர் 10 ஆம்பியரில் வைக்கப்படும்.' ஒரு மணி நேரம் இருந்தார் பெரியப்பா. போர்டைத் திறந்தார், எர்த் அளந்தார், கீசர் எத்தனை என்றுகூடக் கேட்டார். விலைதான் மூன்றிலும் அதிகம்.

பெரியப்பா: நீ 28 அளந்தாய், அவர் 30 எழுதியிருக்கிறார். டேப்போடு வந்த ஆள்.

அம்மா: டிசி கசிவு என்றால் என்ன நித்யா?

நித்யா அக்கா: காரில் பழுது வந்தால் டிசி கசியலாம் சித்தி. அது சாதாரண ஆர்சிசிபியை மரத்துப்போக வைத்துவிடும். அப்புறம் யாருக்காவது ஷாக் அடிக்கும்போது விழ வேண்டியது விழாது.

கார்த்தி: முதல் ஆளிடம் இப்போது போனில் ஆர்சிசிபி பற்றிக் கேட்டேன். 'வீட்டில்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அது போதும் தம்பி' என்கிறார்.

அம்மா: அவர் வேண்டாம். மூன்றாமவர் சுவரை உடைப்பாரா? உடைத்தால் பூசிக் கொடுப்பது யார்?

கார்த்தி: அது கொட்டேஷனில் இல்லை அம்மா.

பெரியப்பா: வெளியே பைப் போட்டே ஒயரைக் கொண்டுபோகச் சொல். சுவர் உடைக்கிற கூலியைக் கணக்கில் சேர்த்திருந்தால் அதைக் குறைக்கச் சொல்.

கார்த்தி: கேட்டுவிட்டேன். பைப் என்றால் கொஞ்சம் குறைக்கிறாராம். சனிக்கிழமை வரலாமா என்கிறார்.

அப்பா: வரச் சொல். போர்டை மறைத்துக்கொண்டு நிற்கிற அந்த அலமாரியை வெள்ளிக்கிழமையே நகர்த்திவிடலாம். நீயும் ஒரு கை பிடி.