பகுத்தலும் திறவுகோலிடலும்: ஒரு சொல் போதாது

எக்ஸ்எம்எல் (XML, தரவைக் குறிகளுக்குள் இட்டு எழுதும் முறை) ஆவணத்தை வழங்கியில் (server) பெற்று, அதன் உறுப்புகளை, அதாவது பெயரிட்ட குறிகளுக்குள் அமைந்த பகுதிகளை, திறவுகோல்–மதிப்பு (key–value) இணைகளாக மாற்றும் வேலை முழுவதையும் ‘பாகுபடுத்தல்’ (parsing) என்ற ஒரே சொல்லால் குறித்து வருகிறோம். ‘பாகுபாடு’ என்றதும் இன்றைய வாசகர் மனத்தில் மனிதருக்குள் வேற்றுமை பாராட்டுவதே முதலில் தோன்றுகிறது என்பது ஒரு சிறிய தடை. ஆவணத்தைப் படித்து உறுப்புகளை அறிவது, அவற்றின் மதிப்புகளைத் திறவுகோல்களின் கீழ் சேமிப்பது என்ற வெவ்வேறான இரண்டு செயல்களை அச்சொல் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது என்பதே பெரிய தடை.

நான் எழுதிய நிரலில் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ‘ஆணை’ (வாங்குவோர் தரும் கொள்முதல் ஆணை) என்ற உறுப்புக்குள் ‘பொருள்’ என்ற உறுப்பு வரும். (1998-இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிகளே உறுப்பின் பெயரில் தமிழ் எழுத்துகளை ஏற்பதால், இப்பெயர்களை அப்படியே எழுதலாம்.) சோதனை ஆவணங்களில் எப்போதும் ஒரு பொருளே இருந்ததால் நிரல் சரியாக ஓடியது. இரண்டு பொருள்கள் கொண்ட ஆணை வந்தபோது, இரண்டாவதன் மதிப்பு முதலாவதன் இடத்தில் எழுதப்பட்டு, முதலாவது சுவடில்லாமல் போயிற்று. பிழைக் குறிப்பில் ‘பாகுபடுத்தலில் தவறு’ என்று எழுதியிருந்ததால், ஆவணத்தைப் படிக்கும் பகுதியையே இரண்டு நாள் துருவிக்கொண்டிருந்தோம். அதுவோ இரண்டு பொருள்களையும் வரிசை பிசகாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. இழப்பு அதற்கு அடுத்த படியில் நிகழ்ந்தது.

முதற்படிக்குப் ‘பகுத்தல்’ என்றும், அதைச் செய்யும் நிரலுக்குப் ‘பகுப்பான்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘பிரித்தல்’ வெறுமனே துண்டாக்குவதைக் குறிப்பதால், காற்புள்ளி கண்ட இடத்தில் எழுத்துச் சரத்தை (string) வெட்டுவதற்கு அதை விட்டுவிடலாம். பகுத்தல் என்பது துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் இன்னது என்று அறிவது. பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவருக்கும் இது பழகிய செயல். ‘நடந்தனன்’ என்பதை நட + த் + த் + அன் + அன் என்று பகுத்து, முதல் ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை, முதல் ‘அன்’ சாரியை, ஈற்றில் நிற்கும் ‘அன்’ விகுதி என்கிறோம். ஒரே வடிவம் இருமுறை வந்தாலும் நிற்கும் இடத்தால் அதன் பணி வேறுபடுகிறது. ‘அன்’ என்பதையே திறவுகோலாக வைத்துச் சேமித்தால் சாரியை அழிந்து விகுதி மட்டும் எஞ்சும். எங்கள் ஆணையில் நடந்தது அதுவேதான்.

இரண்டாம் படிக்குத் ‘திறவுகோலிடல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பெயரிடல், குறியிடல் போல இதுவும் இயல்பாகவே அமைகிறது. ‘இணையாக்கம்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அது ஒரே நேரத்தில் பல பணிகளை இயக்குவதை நினைவூட்டுவதால் விட்டேன். ‘பெயர்–மதிப்பு’ என்று எளிதாகச் சொல்லலாமே என்பாருக்கு என் விடை இது: உறுப்பின் பெயர் எத்தனை முறையும் வரலாம், திறவுகோல் ஒரு தொகுப்பில் ஒருமுறைதான் வரலாம். பெயரைத் திறவுகோலாக்குவது ஒரு முடிவு. திரும்ப வருவனவற்றைப் பட்டியலாக்குவதா, எல்லாவற்றையும் உள்ளடக்கும் வேருறுப்பிலிருந்து வரும் பாதையைச் சேர்த்து வேறுபடுத்துவதா என்று எழுதுபவர் தீர்மானிக்க வேண்டும். உறுப்பின் தொடக்கக் குறியிலேயே எழுதப்படும் பண்புகள் (attributes) ஓர் உறுப்பில் ஒரே பெயரில் இருமுறை வர விதி இடம் தருவதில்லை; ஆயினும் ஒரு பண்பும் ஓர் உள்ளுறுப்பும் ஒரே பெயர் கொள்ளலாம் என்பதால், பண்பின் பெயருக்கு முன் ஒரு குறியை ஒட்டும் வழக்கம் உண்டு.

திறவுகோலிடல் நீளமான சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைச் செய்தியில் அதை வைத்துப் பாருங்கள்: ‘பகுத்தல் முடிந்தது, திறவுகோலிடுகையில் “பொருள்” இரண்டாம் முறை வந்தது.’ இப்படி ஒரு வரி அன்று இருந்திருந்தால், முதல் மணி நேரத்திலேயே சரியான கோப்பைத் திறந்திருப்போம்.