பழைய வீட்டு வளவில் வீடியோ: முகம் இருட்டு, குரல் எதிரொலி, படத்தில் கோடு

பள்ளத்தூர்ப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பள்ளத்தூர் வீட்டில்தான் இருக்கிறார். அவர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது, அவருடைய மாமனார் பர்மாவிலிருந்து திரும்பிய கதை, சீப்புச் சீடையின் பக்குவம், இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லவைத்து வீடியோ எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசை.

முதலில் போனில் எடுத்துப் பார்த்தேன். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தாழ்வாரத்தில் தூணோரமாக உட்காரவைத்து, முற்றம் பின்னால் தெரிகிற மாதிரி எடுத்தேன். முற்றம் ஒரேயடியாக வெளுத்துவிட்டது, அப்பத்தா முகம் கறுத்துத் தெரிகிறது. பேச்சு ஒன்றோடு ஒன்று கலந்து எதிரொலிக்கிறது, பாதி வார்த்தை புரியவில்லை. சரி என்று உள் அறையில் டியூப்லைட் போட்டு எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே நிறம் மஞ்சளாகிறது, அப்புறம் நீலமாகிறது.

நாற்பதாயிரம் வரை செலவழிக்கலாம் என்று அப்பச்சி (அப்பா) சொல்கிறார். எந்த கேமரா வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் கல்யாண வீடியோ

தங்கச்சி, இப்போதைக்கு கேமரா வாங்காதீர்கள். நான் டேப் காலத்திலிருந்து இந்தப் பக்கத்து வீட்டுக் கல்யாணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறவன். நீங்கள் சொன்ன நாலு குறையும் போனால் வந்தவை இல்லை. இதே இடத்தில் ஐந்து லட்ச ரூபாய் கேமராவை வைத்து ஆட்டோவில், அதாவது எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும்படி, விட்டாலும் ஏறக்குறைய இதேதான் வரும். உங்கள் பணத்தில் முதல் செலவு மைக்குக்கு. வயர்லெஸ் காலர் மைக் ஒன்று வாங்குங்கள், சில ஆயிரங்களில் நல்லதே கிடைக்கும். அப்புறம் ஆடாத ஒரு ஸ்டாண்ட். மீதியை அப்பச்சியிடமே கொடுத்துவிடலாம்.

சத்தத்தைத்தான் முதலில் சொல்வேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பேரன் பேத்திகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். நம் வீடுகள் குரலுக்குக் கடினமான வீடுகள். சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வழுவழுப்பான பூச்சு, தரையில் ஆத்தங்குடிக் கல் அல்லது சலவைக்கல், மேலே உயரமான கூரை. சத்தத்தை உறிஞ்ச ஒரு துணி கிடையாது, எல்லாம் திருப்பி அடிக்கிறது. வளவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் நின்ற பிறகும் ஒலி இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே போன் மைக்கை நம்ப முடியாது. போனைப் பத்தடி தள்ளி வைத்தால் அப்பத்தாவின் நேர்க்குரலும் சுவரில் பட்டு வரும் குரலும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேரும். தூரம் இரட்டிப்பானால் நேர்க்குரல் 6 டெசிபல் குறையும், எதிரொலி அவ்வளவாகக் குறையாது. அதனால்தான் வார்த்தைகள் கலந்துபோகின்றன. எடிட்டிங்கில் இதை முழுக்கச் சரிசெய்ய முடியாது.

மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். சேலைத் தலைப்பு உரசாத இடமாக இருக்கட்டும். கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டுகிற சத்தம் எடுக்கும்போது நம் காதில் விழாது, வீட்டுக்குப் போய் ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு அசைவுக்கும் டிக் டிக்கென்று வரும். அதனால் எடுக்கும்போதே ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், வசதி இல்லாவிட்டால் அரை நிமிஷம் எடுத்து உடனே ஓட்டிப் பாருங்கள். அளவு காட்டும் பட்டையில் உரத்த வார்த்தை மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் பிசிறடித்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சை வளவில் எடுக்காமல் சுற்றியுள்ள சின்ன அறை ஒன்றில் எடுத்தால் இன்னும் நல்லது. படத்தில் தெரியாத பக்கமெல்லாம் ஜமுக்காளமும் மெத்தையும் போட்டு, கதவில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பேச்சு முடிந்ததும் எல்லோரும் சும்மா இருந்து ஒரு நிமிஷம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க அது உதவும்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஆட்டோவில் போன் படம் முழுவதையும் சராசரியாகப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்கிறது. பின்னால் வெயில் முற்றம் இருந்தால் அதற்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் குறைக்கும், முகம் கறுக்கும். ஆகையால் தாழ்வாரத்தில் எடுப்பதானால் திருப்பி உட்காரவையுங்கள். அப்பத்தா தாழ்வார நிழலில் முற்றத்தைப் பார்த்து உட்காரட்டும், நீங்கள் முற்றத்துப் பக்கம் இருந்து கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். காலையில், நேர் வெயில் முற்றத்துத் தரையில் இறங்கும் முன்னால் எடுத்தால் வானத்து வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும். எந்தக் கடை விளக்கும் அதற்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். பின்னணியில் அந்தப் பர்மா தேக்குக் கதவோ தூணோ நிழலில் நிற்கும், முகம் அதிலிருந்து எடுப்பாகத் தெரியும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் பளபளப்பாக இருப்பதால் முற்றத்து வெளிச்சம் அதில் பட்டு மேலே எழும்பும். சிவப்புக் கல்லானால் தாடைக்கு அடியில் லேசான சிவப்பு ஏறும், பச்சையானால் பச்சை. படத்தில் தெரியாதபடி அவருக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். அந்த நிறம் போய்விடும், கண்ணுக்குக் கீழே விழும் நிழலும் இளகிவிடும்.

கோடுகளுக்குக் காரணம் நம் கரண்ட். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட்டும் பல எல்இடி பல்புகளும் ஒரு நொடியில் 100 தடவை ஏறி இறங்குகின்றன. போனின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம், அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் கோடு ஓடும். நிறையப் போன்கள் நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படங்கள்) என்ற கணக்கில் வருகின்றன. அது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள அமெரிக்காவுக்குப் பொருந்துகிற எண். இங்கே 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். டேப் காலத்திலும் நாங்கள் 25தான். ஷட்டர் எண் பிரேம் எண்ணைப்போல் இரண்டு மடங்காக இருந்தால் கையசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். 1/50 வைத்தால் வெளிச்சம் அதிகமாகிறது என்றால் 1/100 வைக்கலாம், அதிலும் கோடு வராது. பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் வெளிச்சத் துளையைச் சுருக்க முடியாது, அதனால் வெயிலில் 1/50 வேண்டுமானால் லென்ஸ் மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் போட வேண்டியிருக்கும். ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறன்) முடிந்த மட்டும் குறைவாக வையுங்கள், கூடினால் இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்.

நிறம் மாறுவது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன், ஆட்டோவில் இருப்பதால். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு 3000 பக்கம், பகல் வெளிச்சம் 5500 பக்கம், நிழல் அதற்கும் மேல். இரண்டும் கலந்து விழுந்தால் எந்த எண் வைத்தாலும் ஒன்று தவறாகத்தான் தெரியும். முற்றத்து வெளிச்சத்தில் எடுக்கிறீர்களா, எல்லா பல்பையும் அணைத்துவிடுங்கள். அந்த வெள்ளை வேட்டியைக் காட்டி, அது வெள்ளையாகத் தெரியும் எண்ணில் பூட்டிவிடுங்கள். போகஸையும் வெளிச்சத்தையும் அவர் கண் மேல் வைத்துப் பூட்டுங்கள். இதற்கெல்லாம் இலவச ஆப்பே இருக்கிறது. பிளாக்மேஜிக் கேமரா என்று தேடுங்கள், ஐபோனுக்கும் உண்டு, பல ஆண்ட்ராய்டுகளுக்கும் உண்டு.

போனின் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், நீங்களே பக்கத்தில் போங்கள்.

எடிட்டிங் மேசை

அண்ணன் சொன்னதோடு கோப்பு விஷயத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் எச்டிஆர் வீடியோவை அணையுங்கள், இல்லாவிட்டால் பல எடிட்டிங் மென்பொருள்களில் நிறம் வெளிறிப்போய் நிற்கும். போன்கள் பிரேம் வேகத்தைத் தாமே கொஞ்சம் ஏற்றி இறக்கும். நீளமான பேச்சில் உதடும் குரலும் விலகிக்கொண்டே போனால் அதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ்.

4கே தெளிவில் எடுங்கள். 1080ஐவிட நாலு மடங்கு புள்ளிகள், பிற்பாடு படத்தில் கை உள்ள பகுதியை மட்டும் வெட்டி நெருக்கமாகக் காட்டலாம். 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு 375 எம்பி பிடிக்கும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அசல் கோப்பை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

சென்னை ஷார்ட்ஸ்

24 பிரேம் வைத்தால்தானே சினிமா மாதிரி இருக்கும்? மிரர்லெஸ் கேமரா ஒன்று வாடகைக்கு எடுத்துப் பின்னணியை மங்கலாக்கினால் இன்னும் அழகு.

கோட்டையூர் கல்யாண வீடியோ

தம்பி, 24 வைக்கலாம், ஷட்டர் 1/50 இருந்தால் கோடு வராது. மங்கல் மட்டும் இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். அப்பத்தா பின்னாலிருக்கும் கதவு வேலைப்பாடு, சுவரில் மாட்டிய ஐயா படம், ஓரத்தில் கிடக்கும் ஓலைக் கொட்டான், இவை எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் அதைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி

அண்ணே, ரொம்ப நன்றி. கைதட்டிப் பார்த்தேன், வளவில் ஒலி இழுக்கிறது, சாமான் அறையில் மெத்தை போட்டபின் அந்த இழுப்பே இல்லை. மைக் சொல்லியிருக்கிறேன். சீப்புச் சீடை செய்வதை எப்படி எடுப்பது? அப்பத்தா கை ரொம்ப வேகம், எதைக் காட்டுவது என்றே தெரியவில்லை. அவர் கட்டுகிற சேலையில் சின்னச் சின்னக் கட்டம், அது படத்தில் நெளிகிறது.

கோட்டையூர் கல்யாண வீடியோ

சேலை நெளிவது கட்டம் கேமராப் புள்ளிகளோடு மோதுவதால். பெரிய கட்டம் போட்ட கண்டாங்கியோ ஒரே நிறச் சேலையோ கட்டச் சொல்லுங்கள்.

சீடைக்கு ஒரே தடவையில் எல்லாம் எடுக்க நினைக்காதீர்கள். பலகாரம் நூற்றுக்கணக்கில் செய்வார், அதே கைவேலை திரும்பத் திரும்ப வரும். முதல் சுற்றில் அப்பத்தா, அச்சு, மாவு, தட்டு எல்லாம் தெரிகிற மாதிரி தூரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி விடுங்கள். அடுத்த சுற்றில் இடுப்பிலிருந்து மேலே. அப்புறம் கை மட்டும். அச்சிலிருந்து வரிவரியாக இறங்கும் பட்டையை வெட்டி, விரலில் சுற்றி, இரு முனையையும் அமுக்கி ஒட்டுகிறாரே, அந்த இடம்தான் உயிர். பக்குவம் தெரியாதவர்களுக்கு அமுக்கும் அழுத்தம் புரிய வேண்டும். அதற்கு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண் பார்க்கிற கோணத்தில் எடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் 50 பிரேம், ஷட்டர் 1/100 வைத்தால் 25ல் ஓடவிட்டுப் பாதி வேகத்தில் காட்டலாம்.

ஒவ்வொரு ஷாட்டையும் ஆட்டாமல் பத்து நொடியாவது பிடியுங்கள். முதல் சுற்றில் எந்தப் பக்கம் நின்றீர்களோ, முகம் தெரிகிற ஷாட்டெல்லாம் அதே பக்கத்திலிருந்து வரட்டும். எதிர்ப்பக்கம் போனால் இடது வலமாகிவிடும், அச்சு திடீரென்று மறு கைக்கு மாறியது போலத் தெரியும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் லென்ஸில் ஆவி படியும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் துடையுங்கள். எண்ணெய் கொதிக்கிற சத்தத்தைத் தனியாக, மைக்கைச் சூடு படாத தூரத்தில் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அவரைப் பேசவைக்க வேண்டாம். பக்குவத்தை மறுநாள் மெத்தை போட்ட அறையில், எடுத்த படத்தை அவருக்கே காட்டி, பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். கையைப் பார்த்ததும் விட்டுப்போனதெல்லாம் ஞாபகம் வந்து சொல்வார், அந்தக் குரலைப் படத்தின் மேல் ஓட்டலாம்.

மைக் வந்ததும் ஒரு நிமிஷம் எடுத்து டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.