4,528 பேரில் தொடங்கிய இக்னோ இவ்வளவு வளர்ந்தது எப்படி? 41 வயதில் சேரலாமா?

மாடிப்படி:
வணக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு கணக்கு எழுதும் வேலைக்குப் போனவன், இப்போது வயது 41. மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது "உங்களுக்கும் ஒண்ணு போட்டுடவாப்பா?" என்று கேட்டுவிட்டாள், அன்றிலிருந்து அதே நினைப்பு. இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 1987இல் இரண்டே டிப்ளமோ, 4,528 மாணவர்களோடு பாடம் தொடங்கியதாகவும் இன்று 30 லட்சத்துக்கும் மேல் என்றும் படித்தேன். யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்வதால்தான் இந்த வளர்ச்சியா? அப்படியானால் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

தபால்பெட்டி:
சகோ, 'யாரை வேண்டுமானாலும்' என்பது பாதி உண்மை: சேர்வது சுலபம்தான், ஆனால் வளர்ச்சிக்கு அது மட்டும் காரணமில்லை. தபால் வழிப் படிப்பை நம் ஊரில் 'கரஸ்' என்கிறோமே, அது 1962இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மற்ற பல்கலைக்கழகங்களும் பின்னாலேயே வந்தன, ஆனால் அவற்றுக்கெல்லாம் கல்லூரிதான் முதல் பிள்ளை, தபால் வழி இரண்டாம் தாரத்துப் பிள்ளை மாதிரி. இதற்கென்றே தனியாக ஒரு பல்கலைக்கழகம் என்ற யோசனையை பிரிட்டனில் 1969இல் செய்து காட்டினார்கள். இங்கே 1982இல் ஆந்திரா முதலில் தொடங்கியது, அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு இக்னோ வந்தபோது அங்கேயும் முதல் துணைவேந்தர் அவரேதான்.

1991இல் தூர்தர்ஷனில் பாடம், 2000இல் ஞான தர்ஷன் என்ற கல்வி சேனல், அப்புறம் ஞான வாணி எஃப்.எம். என்று வந்ததால் டிவிதான் வளர்த்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளர்த்தது அந்தப் புத்தகம். ஒரு பிளாக்கை (அவர்களின் பாடப் புத்தகத்தை) எடுத்துப் பாருங்கள்: சின்னச் சின்ன அலகு, நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி, எழுதிப் பார்க்கக் கோடு போட்ட இடம், கடைசியில் விடை. பக்கத்தில் வாத்தியார் இல்லை என்று தெரிந்தே எழுதியது. கட்டடம் கட்டி, நாற்காலி போட்டு, ஆள் எடுத்து 30 லட்சம் பேருக்குப் பாடம் நடத்த முடியுமா? அச்சடித்த பாடம் என்றால் முடியும். படிப்பு மையங்கள்கூடப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற கல்லூரிகளில், வார விடுமுறையில்தான் நடக்கும்.

ராத்திரி ஷிப்ட்:
மேலே சொன்னவர் புத்தகத்தைப் பாராட்டுகிறார், சரி. அந்தப் பார்சல் என் வீட்டு பீரோ மேல் ஏழு மாதம் பிரிக்காமல் கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையதுதான். சேர்வது சுலபம், முடிப்பதுதான் பாடு, அதனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்கிற எண்ணிக்கையை வைத்து எதையும் எடை போடாதீர்கள்.

கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நான் சேர்ந்த பொது பி.ஏ.வுக்கு அப்போது 132 கிரெடிட், ஒரு கிரெடிட் 30 மணி நேர உழைப்பு, ஆக 3,960 மணி. மூன்று வருடத்தில் முடிக்க வாரம் 25 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆறு வருடம் வரை இழுக்கலாம், அப்போது வாரம் 13 மணி போதும். வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஆறு வருடம் என்று மனசில் போட்டுக்கொள்வது நல்லது. நான் ஐந்தில் முடித்தேன். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வு எழுதலாம் என்று முதல் வருடம் மனக்கோட்டை கட்டி ஏமாந்தேன்.

தேர்வு ஹாலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் செக்யூரிட்டி, சட்டையில் பெயர் வில்லையோடு ட்யூட்டியிலிருந்து நேரே வந்திருந்தார். பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டி, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுதினார், மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை, கூடுதல் தாள் வேறு வாங்கினார். மதிப்பு இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு அந்த ஹால்தான் ஞாபகம் வருகிறது.

கோப்புக்கட்டு:
உணர்ச்சி எல்லாம் சரி, ஆனால் மதிப்பு என்பது எங்கே காட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு வேலைக்கும் பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை முக்கியம். நீங்கள் பிளஸ் டூ முடித்தவர் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அதோடு, இக்னோ ஒரு மத்தியப் பல்கலைக்கழகம்.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தியில் இருக்கும். தமிழில்தான் படிப்பேன் என்றால் 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. ஆறு வருடம் என்றால் 47இல் பட்டம், மகள் எனக்கு முன்னால் வாங்கிவிடுவாள், பரவாயில்லை. ஒரே ஒரு சந்தேகம், அசைன்மென்ட்டைக் கணினியில் அடித்துக் கொடுக்கலாமா? கையெழுத்து ரொம்ப மோசம்.

ராத்திரி ஷிப்ட்:
கையால்தான் எழுதணும் சார். வாத்தியார் திருத்துவதற்கு இடது பக்கம் ஓரம் விட மறக்காதீங்க.