ஹெண்ட்ரிக்ஸ் பாட்டுக்கு டூபா எதற்கு?

மழைக்காகம்:
ராக் கிதார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பாட்டுகளை கில் எவான்ஸின் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா 1974இல் ஆல்பமாகப் போட்டதே, அதை நேற்று ராத்திரி கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். 'வூடூ சைல்ட்' இருக்கிறதே என்று ஆசையாகப் போட்டால், கிதார் வரவேண்டிய இடத்தில் டூபா கரகரக்கிறது. டூபா! அடிக்குரலில் உறுமும் அந்தப் பெரிய பித்தளை வாத்தியம்! ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு என்றால் அவர் விரல், அவர் ஆம்ப், ஸ்பீக்கர் முன்னால் நின்று அவர் கிளப்பும் ஊளை. மனுஷருக்கு நோட்டேஷன் படிக்கவே தெரியாது. அதை ஒரு பிக் பேண்டுக்கு, அதாவது பெரிய ஜாஸ் குழுவுக்கு, காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? ஸ்வரத்தை எழுதிவிடலாம், கமகத்தை எழுதுவீர்களா?

பித்தளைப்பிரியன்:
காகம் சார், கொஞ்சம் நில்லுங்க. செத்தவர் பேரில் காசு பார்த்த கதை இல்லை இது. இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யப் பேச்சு நடந்து, சந்திக்கவும் ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்னால், 1970 செப்டம்பர் 18 அன்று, லண்டனில் ஹெண்ட்ரிக்ஸ் போய்ச்சேர்ந்தார். வயது 27. எவான்ஸ் யார்? ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸுக்கு 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' ஆல்பத்தைப் பண்ணிக்கொடுத்தவர். 62 வயதில் அவருக்கு ராக் பிழைப்பு தேவையில்லை.

மழைக்காகம்:
நிச்சயம் ஆகியிருந்தது என்பதற்காக மாப்பிள்ளை இல்லாமலே தாலி கட்டிவிடுவதா? அதோடு, பலகையில்தான் எவான்ஸ் பேர். அடுப்படியில் வேறு ஆட்கள். 'ஏஞ்சல்' டாம் மலோன், '1983' டேவிட் ஹோரோவிட்ஸ், உங்கள் டூபா பாட்டு ஹோவர்ட் ஜான்சன். எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று எழுதும் அரேஞ்ச்மென்ட், முக்கால்வாசி குழு ஆட்களுடையது.

பித்தளைப்பிரியன்:
அது குறையா? குழுவில் இருப்பவனையே எழுத வைத்தார் மனுஷர். ஜான்சன் டூபா வாசிக்கிறவர், அந்தப் பாட்டைத் தன் வாத்தியத்துக்கு எழுதிக்கொண்டார். ஜான் அபர்க்ராம்பி, ரியோ கவாசாகி என்று கிதார் ஆட்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களை ஹெண்ட்ரிக்ஸ் வேஷம் போடச் சொல்லியிருந்தால், முதல் ஆளாக நீங்கள்தான் நகல் என்று திட்டியிருப்பீர்கள்.

இன்னொன்று. 'வூடூ சைல்ட்' ஆரம்பத்தில் அந்த 'வாக்கா வாக்கா' சத்தம் எதில் வருகிறது? வா-வா பெடலில், கிதார்காரர் காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் கருவி. 1960களின் பிற்பாதியில் அந்தப் பெடல் வந்தபோது அதற்கு வைத்த பேர் என்ன தெரியுமா? கிளைட் மெக்காய். பழைய பெடல்களைத் திருப்பிப் பார்த்தால் அடித்தகட்டில் அவர் படமே இருக்கும். கிதார்காரர் இல்லை, ட்ரம்பெட்காரர். ட்ரம்பெட் வாயை மியூட் என்ற அடைப்பால் மூடி மூடித் திறந்து 'வா வா' என்று அழவைத்தவர், 1930களிலேயே. பித்தளையிலிருந்து கிதாருக்குப் போன கமகம் சார் அது. பித்தளை அதைத் திருப்பி வாங்கினால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

சும்மா_ஒருத்தன்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். 'கிராஸ்டவுன் ட்ராஃபிக்'கில் பாடுவது யார்?

பித்தளைப்பிரியன்:
மார்வின் பீட்டர்சன். ட்ரம்பெட் வாசிப்பவர்.

சும்மா_ஒருத்தன்:
வாசிக்க மட்டும் விட்டிருக்கலாம்.

மழைக்காகம்:
வழிமொழிகிறேன் 😄

பித்தளைப்பிரியன்:
அதில் எனக்கும் மறுப்பில்லை.

மழைக்காகம்:
பெடல் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பா பாட்டை எட் பலெர்மோ பிக் பேண்ட் வருஷக்கணக்காக வாசிக்கிறது. அதில் எனக்குப் புகாரே கிடையாது. ஸப்பா காகிதத்தில் எழுதியவர், 'கிராண்ட் வாஸூ' ஆல்பத்தை 1972இல் அவரே பெரிய பித்தளைக் குழுவை வைத்துத்தான் போட்டார். காகிதத்தில் பிறந்தது காகிதத்துக்குப் போகலாம். ஹெண்ட்ரிக்ஸுடையது சத்தத்தில் பிறந்தது.

பித்தளைப்பிரியன்:
அப்படியானால் 'ஏஞ்சல்' கேளுங்கள். பாட்டு வரி கிடையாது, ஊளை கிடையாது. டேவிட் சான்பார்னின் ஆல்டோ சாக்ஸஃபோன் அந்த மெட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. மெட்டு வெறும் சத்தமாக இருந்தால் அங்கே தொபுக்கென்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லையே? 'அப் ஃப்ரம் தி ஸ்கைஸ்' மூலத்தையும் போட்டுப் பாருங்கள், 1967. ஹெண்ட்ரிக்ஸின் டிரம்மர் மிட்ச் மிட்சல் குச்சியைத் தொடவில்லை, டிரம்ஸை பிரஷ்ஷால் வருடுகிறார். எவான்ஸ் ஜாஸைக் கொண்டுவந்து ஒட்டவில்லை, முன்பே அங்கே இருந்தது.

ஆமாம், நேற்று எதில் கேட்டீர்கள்?

மழைக்காகம்:
போனில்.

பித்தளைப்பிரியன்:
ஹெட்ஃபோன்?

மழைக்காகம்:
போன் ஸ்பீக்கர்.

சும்மா_ஒருத்தன்:
டூபாவை!!

மழைக்காகம்:
சரி சரி. இப்போது ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். 'ஏஞ்சல்' நல்ல மெட்டு, ஒப்புக்கொள்கிறேன். டூபாவும் நேற்று மாதிரி தகரம் கிழியும் சத்தமாக இல்லை, அடிவயிற்றில் இறங்குகிறது. ஆனால் அங்கே எனக்குக் கேட்பது ஹோவர்ட் ஜான்சன். ஹெண்ட்ரிக்ஸ் இல்லை.

பித்தளைப்பிரியன்:
ஜான்சன் வாசித்தால் வேறு யார் சார் கேட்கணும்?